ஆறு மாதம் தொடாத பொருள் குப்பைதானா?

3 ஜனவரி 2025 – ஒரு வாசகரின் கேள்வி

அப்பாவும் அம்மாவும் பத்து நாள் காசி யாத்திரை போயிருந்தார்கள். அந்த இடைவெளியில் வீட்டை ஒழித்துவிட்டேன். ஆறு மாதமாகக் கை படாத எதுவும் குப்பை என்று ஒரே விதி. இரண்டு டெம்போ நிறையப் போயிற்று. திரும்பி வந்த அம்மா இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை, பிறகு சரியாகிவிட்டார். இந்தத் தலைமுறை ஏன் இப்படிச் சேர்த்து வைக்கிறது? நான் செய்ததில் என்ன தவறு?

4 ஜனவரி 2025

தவறுதான். இதையே நானும் செய்திருப்பதால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

2019 மே மாதம். அப்பா இறந்து ஒரு வருடம் கழிந்திருந்தது. மயிலாடுதுறை வீட்டில் மர அலமாரியின் அடித்தட்டில் கட்டுக்கட்டாகப் பழைய நோட்டுகள், ரசீதுகள், பஞ்சாங்கங்கள். அம்மா கோயிலுக்குப் போன ஒரு மணி நேரத்தில் பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டேன். அதற்குள் அம்மாவின் வீட்டுக்கணக்கு நோட்டும் இருந்திருக்கிறது. 1969இல் கல்யாணமாகி வந்த மாதத்திலிருந்து எழுதியது. பால், மண்ணெண்ணெய், வாடகை, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் என்று வரிவரியாக. அம்மா கோபப்படவே இல்லை. "உன் அண்ணன் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்குப் போன குதிரை வண்டிக் கூலி அதில் எழுதியிருந்தேன்" என்று மட்டும் சொன்னார். கடைக்கு ஓடினேன். மூட்டை லாரி ஏறிவிட்டிருந்தது.

"சரியாகிவிட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். என் அம்மாவும் இரண்டு நாளில் அப்படித்தான் ஆனார். ஆனால் அதற்குப் பிறகு நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் அலமாரிச் சாவி அவர் இடுப்பில் இருந்தது.

5 ஜனவரி 2025

கேள்வியின் மறுபாதிக்கு வருகிறேன். ஏன் சேர்க்கிறார்கள்?

தட்டுப்பாடு. என் அம்மா 1947இல் பிறந்தவர். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பதே பெரிய வாக்குறுதியாக இருந்த நாட்டில் இருபது வயதைக் கடந்தவர். மண்ணெண்ணெய் ரேஷன் அட்டைக்கு அளந்துதான் கிடைக்கும். காஸ் இணைப்புக்கும் தொலைபேசிக்கும் ஸ்கூட்டருக்கும் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. கையில் காசு இருந்தாலும் கடையில் பொருள் இருக்காது. அப்படி வாழ்ந்தவருக்குக் காலி ஹார்லிக்ஸ் பாட்டில் குப்பையாகத் தெரியாது. மூடி இறுகப் பிடிக்கும் கண்ணாடி ஜாடி தெருவில் கிடைக்கிறதா என்று கேட்பார், அதில் நியாயம் இருக்கிறது.

அம்மா வாயில் எப்போதும் ஒரே வாக்கியம்: "இருக்கட்டும், எதற்காவது ஆகும்." உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பீர்கள்.

9 ஜனவரி 2025

இதற்கு ஒருவர் "இது நோய், மருத்துவரிடம் காட்ட வேண்டும்" என்று எழுதியிருக்கிறார். இதில் கவனம் வேண்டும். பொருட்களைக் குவிக்கும் கோளாறு என்று உண்மையாகவே ஒன்று இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் அது தனி நோயாக இடம்பெற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022இல் நடைமுறைக்கு வந்த நோய்ப்பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் அடையாளங்களைப் பாருங்கள். மதிப்பே இல்லாத பொருளைக்கூட விட முடியாது, விடச் சொன்னால் கடும் வேதனை வரும், கடைசியில் கட்டிலில் படுக்க முடியாது, அடுப்பில் சமைக்க முடியாது. வீட்டின் அறைகள் அறைகளாகப் பயன்படாத நிலை அது. அங்கே டெம்போ உதவாது, சிகிச்சைதான் உதவும். பரண் நிறைந்திருப்பதும், கூடம் பெருக்கிக் கோலம் போட்டிருப்பதும் ஒரே வீட்டில் இருந்தால் அது நோய் அல்ல. அம்மாவை நோயாளி என்று சொல்லிவிட்டால் நமக்கு வேலை சுலபம், அவ்வளவுதான்.

13 ஜனவரி 2025, போகி

"பழையன கழிதலும் புதியன புகுதலும்" என்று மூன்று பேர் வரிசையாக எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அது நன்னூல் சூத்திரம், சொல்லதிகாரத்தின் முடிவில் வருவது. பவணந்தி முனிவர் அங்கே பேசுவது சொற்களைப் பற்றி. மொழியில் பழைய வழக்குகள் மறைவதும் புதியவை வருவதும் "வழுவல", அதாவது குற்றம் அல்ல என்கிறார். கழித்தே தீர வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. பாயைக் கொளுத்துவதற்கு அவரைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்.

கொளுத்துவது என்றதும் இன்னொன்று. 2018 போகியன்று சென்னையில் புகைமூட்டத்தால் விமானங்கள் இறங்க முடியாமல் தடுமாறின. டயரும் பிளாஸ்டிக்கும் எரித்தால் அதுதான் நடக்கும். அதைவிட என்னை உறுத்துவது வேறு. உ.வே.சாமிநாதையர் சுவடி தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போனபோது, சிதைந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டோம் என்று அங்கே சொன்னார்களாம். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பழையதை முறைப்படி கழித்தோம் என்று நம்பியவர்கள். 1894இல் அவர் பதிப்பித்த புறநானூறு, யார் யாரோ வீட்டில் தூக்கி எறியாமல் வைத்திருந்த ஓலைகளிலிருந்து வந்தது.

இன்று எங்கள் வீட்டில் எதுவும் எரிக்கவில்லை. இரண்டு கிழிந்த கோரைப்பாய் வாசலில் இருக்கிறது, குப்பை வண்டிக்கு.

19 ஜனவரி 2025

நேற்றும் இன்றும் பரண் வேலை. அண்ணன் துபாயிலிருந்து "சீக்கிரம் முடி, மழைக்கு முன்னால் ஓடு மாற்ற வேண்டும்" என்கிறார். அவர் சொல்வது சரி, ஓடு மாற்றாவிட்டால் உத்தரம் போய்விடும். இந்த முறை அம்மா நாற்காலி போட்டுக் கீழே உட்கார்ந்திருந்தார். நான் ஏணியில் நின்று ஒவ்வொன்றாக இறக்கினேன். அவர் சொல்லாமல் ஒரு பொருளும் வாசல்படி தாண்டாது என்று முதலிலேயே வாக்குக் கொடுத்துவிட்டேன். சாவியை அவரே எடுத்துக் கொடுத்தார்.

இறங்கியவை: பித்தளை அண்டா 2, கங்காளம் 1, தவலை 3, அடுக்கு ஒரு செட், பித்தளைப் பானை 1, ஈயச்சொம்பு 1, இரும்புத் தோசைக்கல் 4, மரச் சொளகு, உடைந்த தொட்டில் சட்டம், பெயர் தெரியாத ஒரு பூட்டுக்கு ஒன்பது சாவி.

ஒவ்வொரு பாத்திரத்தின் விளிம்பிலும் புள்ளி வைத்து எழுத்து வெட்டியிருக்கிறது. சீர் கொடுத்தவரின் முதலெழுத்து, தேதி. புளி போட்டுத் தேய்த்தால்தான் தெரிகிறது. தேய்க்கத் தேய்க்க ஆட்கள் எழுந்து வந்தார்கள். பெரியம்மா, மன்னார்குடி மாமா, அப்பாவின் அலுவலக நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து வாங்கிய குடம். பாத்திரக் கடைக்குப் போட்டால் முதலில் அந்த எழுத்துகள்தான் உருகிப் போகும்.

20 ஜனவரி 2025

நேற்று "பித்தளைப் பானை" என்று எழுதியது தவறு. அம்மா விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். ஓசை நெடுநேரம் நின்றது. வெண்கலம். பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது, தட்டினால் சட்டென்று அடங்கிவிடும். வெண்கலம் செம்பும் வெள்ளீயமும். பார்வைக்கு அழுக்கேறிய இரண்டும் ஒன்றுதான். எடைக்குப் போடுபவர்கள் தட்டிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். வெண்கலத்துக்கு விலை அதிகம், கடைக்காரர் அதை நமக்கு நினைவுபடுத்த மாட்டார்.

ஈயச்சொம்பு விஷம் என்று பயந்தவருக்கு: அது காரீயம் இல்லை, வெள்ளீயம். கலப்படம் இல்லாத சொம்பில் ரசம் வைக்கலாம். வெறும் சொம்பாக அடுப்பில் வைத்துவிடாதீர்கள், 232 டிகிரியில் உருகி ஓடிவிடும்.

26 ஜனவரி 2025

டிரங்குப் பெட்டி. மேலே அப்பாவின் சால்வை, கீழே அம்மாவின் கல்யாணப் பட்டு. ஜரிகை மடிப்பில் இற்றுப்போய், பிரித்தால் கிழியும் நிலை. புடவைக்குள் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று. அதில் ஆறு 500 ரூபாய், இரண்டு 1000 ரூபாய். எல்லாம் பழைய நோட்டு.

2016 நவம்பர் 8 இரவு செல்லாது என்று அறிவித்தார்கள். வங்கியில் கட்டக் கடைசி நாள் டிசம்பர் 30. அந்த ஐம்பது நாளும் அப்பா வரிசையில் நின்று வீட்டிலிருந்த பணத்தையெல்லாம் மாற்றினார். அம்மா இதைச் சொல்லவே இல்லை. மறந்துவிட்டாரா என்று கேட்டேன். மறக்கவில்லையாம். என் மகளின் பூப்பு நீராட்டு விழாவுக்கென்று எடுத்து வைத்தது, "அதற்கென்று முடிந்ததை அவிழ்த்தால் வேறு செலவுக்குப் போய்விடும்" என்று தொடாமல் விட்டிருக்கிறார். ஐயாயிரம் ரூபாய் அப்படியே காகிதமாகிவிட்டது. எனக்குத் தொண்டை அடைத்தது.

இப்படி நோட்டு கிடைத்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2017இல் வந்த சட்டப்படி செல்லாத நோட்டு மொத்தம் பத்து வரை ஒருவர் வைத்திருக்கலாம். ஆய்வுக்கோ நாணயச் சேகரிப்புக்கோ என்றால் இருபத்தைந்து. அதற்கு மேல் வைத்திருப்பது குற்றம், அபராதம் குறைந்தது 10,000 ரூபாய். எங்களிடம் எட்டுத்தான். முடிச்சை அப்படியே மகளிடம் கொடுத்துவிட்டார் அம்மா.

2 பிப்ரவரி 2025

"கைக்கு வந்துவிட்ட பொருளின் மதிப்பு நம் கண்ணில் ஏறிவிடுகிறது, அதனால்தான் விட முடியவில்லை" என்று ஒருவர் கோப்பைச் சோதனையை எடுத்துக்காட்டியிருக்கிறார். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990இல் வெளியிட்டது. மாணவர்களில் பாதிப் பேருக்குக் காப்பிக் கோப்பையைக் கொடுத்துவிட்டு, விற்க எவ்வளவு வேண்டும் என்று அவர்களையும், வாங்க எவ்வளவு தருவீர்கள் என்று மற்றவர்களையும் கேட்டார்கள். கோப்பை வைத்திருந்தவர்கள் கேட்ட விலை, வாங்குபவர்கள் சொன்னதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

நல்ல சோதனை. ஆனால் என் அம்மாவுக்கு அது பொருந்தவில்லை. இந்த வாரம் கண்ணால் பார்த்தேன். வீட்டு வேலைக்கு வரும் பெண் தோசைக்கல்லைப் பார்த்து "நன்றாக இருக்கிறதே அம்மா" என்றார். அம்மா அடுத்த நொடியில் எடுத்துக் கொடுத்துவிட்டார், எண்ணெய் எப்படிப் பழக்க வேண்டும் என்ற பாடத்தோடு. பக்கத்து வீட்டுப் பையன் நாதஸ்வர வித்வான்கள் படம் போட்ட பழைய காலண்டரைக் கேட்டான், கொடுத்துவிட்டார். இதே தோசைக்கல்லை நான் எடைக்குப் போடலாம் என்றபோது முகம் மாறியது. மதிப்பு ஏறியதால் பிடித்துக்கொண்டிருந்தவர் இப்படிக் கொடுப்பாரா?

ஜனவரி 5ஆம் தேதி நான் எழுதியதைத் திருத்த வேண்டும். அம்மாவின் வாக்கியத்தை நான் சரியாகக் கேட்டதில்லை. இன்று பரணுக்குக் கீழே உட்கார்ந்து எண்ணினேன். "எதற்காவது ஆகும்" என்று நான்கு முறைதான் சொன்னார். மற்ற நேரமெல்லாம் "யாருக்காவது ஆகும்". தொட்டில் சட்டம் என் மகளுக்கு. அடுக்கு செட் அண்ணன் பெண்ணுக்கு. அந்த ஒன்பது சாவி, வாடகைக்கு இருந்துவிட்டுப் போன குடும்பம் ஒருநாள் கேட்டு வரலாம் என்று. தட்டுப்பாடு ஒரு காரணம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் இந்த வீட்டில் இருக்கும் பொருட்களில் பெரும்பாதியை அம்மா தன்னுடையது என்றே நினைக்கவில்லை. வேறு யாருடையதையோ காத்துக்கொண்டிருக்கிறார். காவல் இருப்பவரிடம் போய் "உனக்கு இது வேண்டுமா, வேண்டாமா?" என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்? "யாருக்கு?" என்று கேட்க வேண்டும்.

3 பிப்ரவரி 2025

கேட்டுப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் பதினேழு பொருள் முடிவாகிவிட்டது. இதற்கு முன் ஒரு முழு நாளில் ஐந்து.

தொட்டில் சட்டம் வேண்டாம் என்று மகள் தொலைபேசியில் நேரடியாகச் சொன்னாள். அம்மா வருத்தப்படுவார் என்று நினைத்தேன். "சரி, அவளே சொல்லிவிட்டாள்" என்று விறகுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்.

9 பிப்ரவரி 2025

நோய் பற்றி எழுதியபோது சொல்லாமல் விட்ட ஒன்று இப்போது வேறு மாதிரித் தெரிகிறது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கோலியர் சகோதரர்கள் இருந்தார்கள், ஹோமர், லாங்லி. 1947இல் இருவரும் தங்கள் வீட்டுக்குள்ளேயே இறந்து கிடந்தார்கள். அந்த வீட்டிலிருந்து நூறு டன்னுக்கு மேல் பொருள் அகற்றினார்கள், பதினான்கு பியானோ உட்பட. தம்பி லாங்லியின் மேல் அவர் அடுக்கி வைத்த கட்டுகளே சரிந்திருந்தன. பேராசை, கிறுக்கு என்று உலகம் பேசியது. ஆனால் மலைமலையாய்க் கிடந்த செய்தித்தாள்களை அவர் ஏன் சேர்த்தார் தெரியுமா? அண்ணனுக்குக் கண் தெரியாது. பார்வை திரும்பும் நாளில் விட்டுப்போன செய்தியெல்லாம் அண்ணன் படிக்க வேண்டும் என்று. அங்கேயும் "யாருக்காவது"தான். அது நோயாக முற்றியது, உயிரையே எடுத்தது. ஆனாலும் வேர் அன்பில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

மறுபக்கம் கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். புத்தகங்கள் மட்டுமல்ல, பத்திரிகைகள், நாடக நோட்டீசுகள், கல்யாணப் பத்திரிகைகள் என்று வீடு நிறையச் சேர்த்தார், சுமார் ஒரு லட்சம். 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக்கியது. கல்யாணப் பத்திரிகையைப் போய் யார் வைத்துக்கொள்வார்கள் என்று எத்தனை பேர் அவரைக் கேட்டிருப்பார்களோ! அவர் வகைபிரித்து அடுக்கினார், தேடினால் எடுத்துக் கொடுக்க முடிந்தது. குவியலுக்கும் சேகரிப்புக்கும் இடையே அந்த ஒழுங்குதான் வேறுபாடு.

அப்பா சேர்த்த கல்யாணப் பத்திரிகைக் கட்டு ஒன்று எங்கள் வீட்டிலும் இருக்கிறது. 1960களிலிருந்து. அதைத் தொட மாட்டேன்.

10 பிப்ரவரி 2025

முதலில் கேள்வி கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார். அவர் தம் அம்மாவிடம் போய், டெம்போவில் போனவற்றில் எவை நினைவில் நிற்கின்றன என்று கேட்டு எழுதினாராம். பதினொன்று. அதில் நான்குதான் பிறருக்கென்று வைத்தவை. ஆறு தமக்கே வேண்டியவை, அதிலும் ஒன்று தினமும் காலை உட்கார்ந்து காய் நறுக்கும் மணை. பதினொன்றாவது, அவர் அம்மாவின் அம்மா தைத்த சுருக்குப்பை.

ஆக, என் வீட்டில் கண்டதை எல்லார் வீட்டுக்கும் விதியாக்க முடியாது. ஒப்புக்கொள்கிறேன். மணை தினமும் புழங்கிய பொருள், அது எப்படி ஆறு மாத விதியில் மாட்டியது என்று அவரையும் கேட்டேன். அடுப்படி மூலையில் கிடந்ததால் குப்பை என்று நினைத்துவிட்டாராம். சமையலறைக்குள் நுழையாதவர் சமையலறையை ஒழித்தால் இதுதான் நடக்கும். மணையாவது புதிதாகச் செய்து கொடுங்கள், தச்சரிடம் அம்மாவையும் அழைத்துப் போங்கள், உயரம் அவருக்குத்தான் தெரியும்.

16 பிப்ரவரி 2025

தாம்பூலப் பைகள் 143. கல்யாண மண்டபங்களிலிருந்து வந்த மஞ்சள் பைகள், மாப்பிள்ளை பெண் பெயரோடு. எல்லாம் துவைத்து மடித்தவை. 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை, 2021 டிசம்பரில் அரசே "மீண்டும் மஞ்சப்பை" என்று தொடங்கியது. அம்மா அதைக் கைவிட்டதே இல்லை. காய்கறிக் கடைக்காரர் நூறு பையை இரு கையேந்தி வாங்கிக்கொண்டார்.

2 மார்ச் 2025

பரணின் கடைசி மூலையில், சாக்குக்குள், மூடி போட்ட பித்தளைத் தூக்கு. தேய்த்தால் "ல.கி. 4.9.61". எங்கள் உறவில் அந்த எழுத்தில் யாரும் இல்லை. அம்மாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு அத்தையுடையது. 1983 தீபாவளிக்கு அதில் அதிரசம் கொடுத்தனுப்பியிருக்கிறார். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது, பொங்கலுக்கு ஏதாவது செய்து போட்டுக் கொடுக்கலாம் என்று அம்மா வைத்திருக்கிறார். அதற்குள் அத்தையின் கணவருக்கு மாற்றல் வந்து, ஒரே வாரத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். 41 ஆண்டுகள். இரண்டு முறை வெள்ளையடித்தபோதும், ஒரு முறை வீடு மாறியபோதும் இந்தத் தூக்கு கூடவே வந்திருக்கிறது.

ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் மூலம் விசாரித்தோம். அத்தை காலமாகிவிட்டார். மகள் சிதம்பரத்தில். அம்மா இரண்டு நாள் யோசித்துவிட்டு ரவா லாடு பிடித்தார். அதிரசம் வந்த தூக்கில் அதிரசமே போவது மரியாதையில்லை என்றார். நேற்றுக் காலை பஸ் ஏறிப் போனேன். கூட வருகிறேன் என்று சொன்ன அம்மாவுக்கு முழங்கால் இடம் கொடுக்கவில்லை.

அந்த அக்காவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். தூக்கை வாங்கியவர் எழுத்தைப் பார்க்கவில்லை. திருப்பி, அடிப்பக்கம் கட்டை விரலால் தடவினார். அங்கே ஒரு நசுங்கல். "கிணற்றடியில் நான் போட்டது. அம்மா அடித்தார்" என்றார். பிறகு திறந்து, ஒரு லாடை எடுத்து, அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் சாப்பிடவில்லை.

9 மார்ச் 2025

பரண் காலியாகவில்லை. பாதி. ஓடு மாற்ற ஆட்கள் வியாழனன்று வருகிறார்கள், மீதியைக் கூடத்தில் இறக்கித் தார்ப்பாய் போட்டிருக்கிறோம். வெண்கலப் பானை திருச்சிக்கு என்னோடு வந்துவிட்டது, பொங்கல் அதில்தான் வைப்பேன்.

சிதம்பரத்து அக்கா என்னை வெறுங்கையோடு அனுப்பவில்லை. ஓர் எவர்சில்வர் டப்பா நிறைய எள்ளுருண்டை. தின்று தீர்ந்தாயிற்று. டப்பா அம்மாவின் சமையலறைத் தட்டில் தனியாக இருக்கிறது. அதில் பெயர் வெட்டவில்லை, அதனால் அம்மா ஒரு சீட்டு எழுதி உள்ளே போட்டு மூடியிருக்கிறார்: "சிதம்பரம், 1.3.2025."